கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

யாரும் கிட்டப் போகாத தொழுநோயாளியை இயேசு கையால் தொட்டார் என்று பைபிளில் உள்ளது. அதைத் தினசரி வேலையாகவே செய்த டாக்டர் பால் பிராண்ட், 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயில் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிவிடும். வலியும் தெரியாது. சூடு பட்டாலும் கையை எடுக்க மாட்டாங்க. அந்தப் புண்ணாலதான் விரல் குறையுது, சாபத்தால இல்லை! பிராண்ட் அந்தக் கைகளைப் பிடித்துப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே தசை நல்லா இருந்தது. அதன் நாணை விரலோடு இணைத்து ஆபரேஷன் செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. சோறு அள்ளிச் சாப்பிட முடிந்தது.

இப்போ மாத்திரையிலேயே நோய் குணமாகுது, அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனா குணமானவர் பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு இன்னும் காலியாத்தான் இருக்கு.