உயிர் காக்கும் படிப்பு: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர் ஆவது எப்படி?

108 ஆம்புலன்சில் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம் என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. மலைக்கிராமத்திலிருந்து கிளம்பிய வண்டி பாதி வழியில் ஓரங்கட்டி நின்றிருக்கும். வலி முற்றியிருக்கும்; ஆஸ்பத்திரி இன்னும் வெகு தொலைவில் இருக்கும். வண்டியில் இருந்த ஒருவர் பிரசவம் பார்த்து, குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்திப் போர்த்தி, தொப்புள்கொடிக்குக் கவ்வி போட்டு வெட்டி, இரண்டு உயிர்களையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார். அவரைப் பற்றிச் செய்தியில் ‘மருத்துவ உதவியாளர்’ என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கும்.

அவர் என்ன படித்தார், எங்கே பயின்றார் என்று யாரும் கேட்பதில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, டாக்டருக்கு இடம் கிடைக்காவிட்டால் வேறு என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கவேண்டிய கேள்வி அது.

வண்டிக்குள் யார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. நாம் அழைத்தால் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் எடுக்கிறார்கள். அங்கிருந்து அருகில் உள்ள வண்டிக்குத் தகவல் போகிறது. வண்டியில் இரண்டு பேர். ஓட்டுபவரை அந்தத் துறையில் ‘பைலட்’ என்பார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ‘இ.எம்.டி.’, அதாவது மருத்துவ உதவியாளர். சிக்கலான நேரத்தில் கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் டாக்டரிடம் போனில் ஆலோசனை கேட்டுக்கொள்ளலாம். ஆனால் நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதும், கண்டதைச் சரியாகச் சொல்வதும், சொன்னதைச் செய்து முடிப்பதும் அந்த ஒருவர்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த வேலையின் உயர்ந்த நிலையில் இருப்பவரைப் ‘பாராமெடிக்’ என்கிறார்கள்.

மூன்று வாசல்கள்

முதல் வாசல் பட்டப்படிப்பு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் ‘பி.எஸ்சி. ஆக்சிடென்ட் அண்ட் எமர்ஜென்சி கேர் டெக்னாலஜி’ என்ற படிப்பு இருக்கிறது. வகுப்பு மூன்று ஆண்டுகள், கட்டாய உள்ளுறைப் பயிற்சி ஓராண்டு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும்; தாவரவியலும் விலங்கியலும் எடுத்தவர்களும் சேரலாம். துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கான விண்ணப்பத்தை, பிளஸ் டூ முடிவுகளுக்குப் பின் மருத்துவத் தேர்வுக்குழு அறிவிக்கிறது. மதிப்பெண் தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கும். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள். டயாலிசிஸ், ஈ.சி.ஜி., அறுவை அரங்கு உதவியாளர் ஆகிய படிப்புகளோடு ‘எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன்’ படிப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. சீக்கிரம் வேலைக்குப் போயாக வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது நல்ல வழி.

மூன்றாவது, நேராக 108 பணியில் சேர்வது. பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்களையும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற உயிரறிவியல் பட்டதாரிகளையும் மாவட்டந்தோறும் முகாம் நடத்தித் தேர்வு செய்கிறார்கள். எழுத்துத் தேர்வு, உடற்கூறியலிலும் முதலுதவியிலும் கேள்விகள், நேர்காணல் என்று நடக்கும். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் மூன்றிலுமாக ஐம்பது நாள் பயிற்சி. வேலை பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறிமாறி வரும். அண்மை விளம்பரங்களில் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைச் சற்றே தாண்டியிருக்கிறது.

கைக்கு வரும்வரை

எந்த வாசலில் நுழைந்தாலும் பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான். கண் முன்னால் கிடப்பவரை எந்த வரிசையில் பார்ப்பது என்பதை முதலில் கற்றுக்கொடுக்கிறார்கள். பீறிட்டு வரும் ரத்தத்தை நிறுத்து; மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா பார்; மூச்சு வருகிறதா பார்; நாடித்துடிப்பு பார்; பிறகுதான் உடைந்த கால். எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும் காலைப் பார்த்ததும் எவருடைய கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் உயிரை எடுப்பது பல நேரங்களில் அந்தக் கால் அல்ல; மயங்கியவரின் தொண்டையை அடைத்துக்கொண்ட நாக்கு. கண்ணை அடக்கி வரிசைப்படி போகப் பழகுவதுதான் முதல் பாடம்.

மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் சி.பி.ஆர். பயிற்சியைப் பொம்மை மேல் செய்யச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத, 6-ஐத் தாண்டாத ஆழம், முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. இதை மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். இரண்டாவது நிமிடத்திலேயே தோள் கடுக்கத் தொடங்கும்போதும் ஆழம் குறையாமல் அழுத்துவதற்குத்தான் மீண்டும் மீண்டும் பழக வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கே உரிய பாடங்களும் உண்டு. பூச்சிமருந்து குடித்தவரைத் தூக்கும் முன் கையுறை அணிய வேண்டும். நனைந்த உடையைக் கழற்றி உடம்பைக் கழுவ வேண்டும். வாயில் நுரைத்து வருவதை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாம்பு கடித்தவரின் காலில் சொந்தக்காரர்கள் இறுகக் கட்டிய கயிற்றைப் பதற்றத்தில் சட்டென்று அறுத்துவிடக் கூடாது; தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் பரவக்கூடும். அந்தக் காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து எங்கே இருக்கிறதோ அந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியா, தகுந்த வசதியுள்ள ஆஸ்பத்திரியா என்று முடிவெடுக்கத் தெரிவதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம்.

பிட்ஸ்பர்க் காட்டிய வழி

அமெரிக்காவில்கூட 1960-களில் பல ஊர்களில் நோயாளிகளை ஏற்றிச் சென்றது போலீஸ் வண்டியும் சவ அடக்க நிறுவனங்களின் வண்டியும்தான். பிட்ஸ்பர்க் நகரில் 1967-இல் ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை உருவானது. சி.பி.ஆர். முறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சஃபார், ஹில் டிஸ்ட்ரிக்ட் என்ற கறுப்பின மக்கள் பகுதியில் வேலையில்லாமல் இருந்த இளைஞர்களைச் சேர்த்து ஏறத்தாழ 300 மணி நேரம் பயிற்சி கொடுத்தார். பள்ளிப்படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். உடற்கூறியல் படித்தார்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர்களோடு நின்று பழகினார்கள். பின்னர் அங்கே மருத்துவ இயக்குநராக வந்த டாக்டர் நான்சி கரோலைன் எழுதிய பாடத்திட்டமே, அந்த நாடு முழுவதற்குமான பாராமெடிக் பயிற்சிக்கு அடிப்படையானது. நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியபோது, 1975-இல் ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. ஆனால் அது நிரூபித்த உண்மை நிற்கிறது: பிறப்பும் வசதியும் எப்படி இருந்தாலும், தேர்ந்த ஆசிரியரின் கண் முன்னால் போதிய நேரம் பயின்றவர் உயிரைக் காப்பாற்றுவார்.

சான்றிதழை எடைபோடுங்கள்

இந்த உண்மையை மறந்தால்தான் ஏமாறுகிறோம். ‘பாராமெடிக்கல்’ என்று பலகை மாட்டிய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆறு மாதத்தில் சான்றிதழ், நூறு சதவீதம் வேலை என்று நோட்டீஸ் கொடுக்கிறார்கள். பணம் கட்டும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். சான்றிதழ் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், எந்த அரசுத் துறை? பயிற்சி நடக்கும் ஆஸ்பத்திரி எது, அங்கே அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? மொத்தம் எத்தனை மணி நேரம் நோயாளிகளோடு பயிற்சி? ஆம்புலன்சில் ஏறிப் பணியாற்றும் பயிற்சி உண்டா? நான்கில் ஒன்றுக்குப் பதில் மழுப்பலாக வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவ, நலவாழ்வுத் தொழில்முறையாளர் தேசிய ஆணையச் சட்டம் இந்தக் கேள்விகளுக்கு வலு சேர்த்திருக்கிறது. அதன் அட்டவணையில் பாராமெடிக் பணியும் இடம்பெற்றிருக்கிறது. இத்தகைய பணிகளுக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். உயர்நிலைப் பிரிவினருக்கு 3,600 மணி நேரம். மாநிலந்தோறும் மன்றமும், தகுதி பெற்றோர் பெயர்ப் பதிவேடும் இருக்கவேண்டும் என்றும் சொல்கிறது.

படித்து முடித்ததோடு சான்றிதழ் வேலையும் முடிந்துவிடாது. அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (உயர்நிலை இதய உயிர்காப்பு) சான்றிதழ்களைப் பல தனியார் ஆஸ்பத்திரிகள் கேட்கின்றன. இரண்டுமே இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். மறுபடியும் தேர்வில் தேற வேண்டும். வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பையும் உரிமத் தேர்வையும் கடக்க வேண்டும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அரசுப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மைப் பாராமெடிக் என்று அழைத்துக்கொள்வதே குற்றம். குறுகிய காலச் சான்றிதழை நம்பி அங்கே விமானம் ஏற முடியாது.

நாம் செய்யவேண்டியது

தமிழ்நாட்டில் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் ஆஸ்பத்திரி வாசல் வரை உயிரோடு வந்து சேர்பவருக்குத்தான் அதனால் பயன். வாசல் வரை கொண்டுவந்து சேர்ப்பவர் இந்த மருத்துவ உதவியாளர்.

அவருக்கு ஐம்பது நாளோடு பயிற்சி நின்றுவிடக் கூடாது. பணியில் இருந்தபடியே பட்டயமும் பட்டமும் பெற வழி வேண்டும். பட்டம் பெற்றால் சம்பளமும் பதவியும் உயர வேண்டும். பதிவேட்டில் அவர் பெயர் ஏற வேண்டும். இதைச் செய்யவேண்டியது அரசு.

படிக்க விரும்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமே என்று தயங்க வேண்டாம். பழகப் பழக அது போய்விடும். பொறுமையும், சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கும் குணமும், இரவில் கண்விழிக்கும் உடல்வலுவும் இருந்தால் போதும். தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே மருத்துவத் தேர்வுக்குழுவின் அறிவிப்பைப் பாருங்கள். அரசுக் கல்லூரிக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பிக்கும் வயது தாண்டிய மற்றவர்கள் அனைவரும், வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஒரு முதலுதவிப் பயிற்சியில் சேர்ந்து சி.பி.ஆர். கற்றுக்கொள்ளுங்கள். வண்டி வந்து சேரும்வரை அந்த உயிர் உங்கள் பொறுப்பு.