பழைய பிரமாணத்தைத் தொடும் முன்... கையுறை வேணுமா, வேண்டாமா?

"மக்ளே, அந்தப் பிரமாணத்த எடுத்துட்டு வா!" மற்ற ஊர்க்காரர்களுக்குப் பத்திரம், நாஞ்சில் நாட்டில் பிரமாணம். 1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதனால் கொல்லம் ஆண்டு போட்ட கையெழுத்துப் பிரமாணங்கள் பல வீட்டு டிரங்குப் பெட்டிகளில் இன்னமும் கிடக்கின்றன. (1110 என்று இருந்தால் 1934-35 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.)

ஆடிச் சாரல், ஐப்பசி மழை என ரெண்டையும் வாங்கும் ஊர் இது. தாள் ஈரத்தைக் குடித்து மடிப்பில் நைந்துபோகும். அந்த மடிப்பில்தான் சர்வே நம்பர் இருக்கும்! அது கிழிந்தால், பாகம் பிரிக்கும்போதும் பேங்க் லோனுக்கும் அலைச்சல்தான்.

சரி, சினிமாவில் வருவதுபோல வெள்ளைக் காட்டன் கையுறை போட்டு எடுக்கலாமா? வேண்டாம். சாதாரணத் தாளுக்குச் சுத்தமான, உலர்ந்த வெறுங்கைதான் நல்லது என்கிறது பிரிட்டிஷ் நூலகம். துணி உறை போட்டால் தாளின் ஓரம் விரலுக்குத் தெரியாது, புரட்டும்போது கிழியும். கவிமணி ஆராய்ந்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகள் போன்ற பழஞ்சுவடிகளிலும் இதே சிக்கல்: நொறுங்கிய ஓலை விளிம்பில் நூல் மாட்டினால் ஒரு துண்டு கையோடு வந்துவிடும். கையை சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், ஹேண்ட் கிரீம் எல்லாம் வேலை முடிந்த பிறகு.

கையுறை கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. பழைய போட்டோ, நெகட்டிவ் என்றால் விரல் ரேகை அப்படியே பதிந்துவிடும். பூஞ்சை பிடித்த கட்டு, பூச்சிமருந்துப் பொடி தூவிய பெட்டி என்றால் ஆபத்து நமக்குத்தான். இதற்கெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை போதும். பூஞ்சைக்குக் கூடவே என்-95 மாஸ்க்கும் போடுங்கள்; ஃபேனை நிறுத்திவிடுங்கள். 'நம்ம ஊரு ரப்பர் பாலில் செய்ததாச்சே' என்று லேடெக்ஸ் உறையை எடுக்க ஆசை வரும். ஆனால் அதிலுள்ள புரதம் சிலருக்கு அலர்ஜி, அரிப்பைக் கொடுக்கும். பவுடர் போட்டதோ தாளில் வெள்ளையாக ஒட்டும். எந்த உறையானாலும் விரல் நுனியில் தொளதொள என்று நிற்கக் கூடாது.

தினமும் ஃபைல் கட்டுபவர்கள் கதை வேறு. அங்கே தொல்லை, தாள் விரலை வெட்டுவதும் தோல் வறண்டு தாள் வழுக்குவதும்தான். முழுக் கையுறை வியர்த்துக் கொட்டும், அரைமணி நேரத்தில் கழற்றி எறிவீர்கள். ஸ்டேஷனரிக் கடையில் விரலுக்கு மட்டும் மாட்டும் ரப்பர் உறை கிடைக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் போட்டால் போதும். அட்டைப்பெட்டி தூக்குகிற நாளில் மட்டும், உள்ளங்கையில் ரப்பர் பூச்சுள்ள மெல்லிய நைலான் கையுறை. எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்க. பேனா மையில் எழுதிய பிரமாணத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் எழுத்து கலைந்துவிடும்.