வாயிற்காவலர் இல்லாத நூலுலகம்

ஒருவர் எழுதி முடித்த அன்றே அவர் எழுத்து நூலாகிவிடுவதில்லை என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. அவை கூட்டி அரங்கேற்ற வேண்டும்; புலவர் வினவும் ஐயங்களுக்கு விடையிறுக்க வேண்டும்; தகுதியுடையோர் பாயிரம் தரவேண்டும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறியதை அதன் பாயிரமே கூறும். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடுதற்குச் சீதக்காதி வள்ளலும் அபுல்காசிம் மரைக்காயரும் புரவலராய் நின்றதை நம் மாணவர் நன்கறிவர். அச்சு இயந்திரம் வந்த பின்னரும் இவ்வாயில்கள் அடைபடவில்லை; உருமாறின. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது ஊர்தோறும் அன்பர்களிடம் கையொப்பம் திரட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் பதிப்பகத்தார், விற்பனையாளர், நூலக ஆணை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் பெருகின.

இன்று இக்கதவுகளுள் ஒன்றையும் தட்டாமலே ஒருவர் நூலாசிரியராகலாம். அமேசான் நிறுவனம் 2007 நவம்பரில் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை வெளியிட்டபோதே, எழுதியவர் தாமே தம் நூலை ஏற்றி விற்பதற்கும் வழி திறந்தது. 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்கள் அங்கு விற்பனைக்கு வந்தன. மின்னூலாக வெளியிடுவதற்குப் பன்னாட்டுத் தர நூல் எண்கூட அங்கே கட்டாயமன்று. எழுதுவோர்க்கு இது பெருவாய்ப்பு என்பதில் ஐயமில்லை. படிப்போர்க்கு? பதிப்பாசிரியர் ஒருவர் மேசையில் நடந்த தேர்வு இப்போது படிப்பவர் மடியில் வந்து விழுந்திருக்கிறது. அதனை அவர் எவ்வாறு செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வாயிற்காவலர் இல்லாமையால் விளைந்த நன்மையை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆண்டி வியர் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர், செவ்வாய்க் கோளில் தனித்து விடப்பட்ட ஒருவனின் கதையைத் தம் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். அறிவியல் அறிந்த வாசகர்கள் பிழை சுட்ட, அவர் திருத்தினார். 2011இல் கிண்டிலில் 99 சென்ட் விலையில் வைத்தார். 2014இல் கிரவுன் பதிப்பகம் அதனை அச்சில் கொணர்ந்தது. 2015இல் திரைப்படமும் ஆயிற்று. ‘தி மார்ஷியன்’ என்னும் அந்நூலுக்கு முதற்கண் அவை கூட்டியவர்கள் வாசகர்களே.

எனினும், திறந்த வாயிலில் நுழைவோர் எல்லாரும் புலவரல்லர். மாதச் சந்தா செலுத்திப் படிக்கும் முறையில், 2015 ஜூலை முதல், படிக்கப்பட்ட பக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப எழுத்தாளர்க்குப் பணம் வழங்கப்படுகிறது. உடனே சிலர், நூலின் பின்னே தொடர்பற்ற பழைய கதைகளை அடுக்கிப் பக்கம் பெருக்கினர். 2023 செப்டம்பரில் அமேசான், ஒருவர் ஒரு நாளில் மூன்று புதிய நூல்களுக்குமேல் ஏற்றலாகாது என வரம்பு விதித்தது. நாளொன்றுக்கு மூன்று நூல்! எந்திர அறிவு எழுதிக் குவிப்பதன் விளைவு அது. அவ்வாறு ஆக்கப்பட்டதா என்பதை எழுத்தாளர் அந்நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆயின் வாசகர் கண்ணுக்கு அக்குறிப்பு காட்டப்படுவதில்லை.

விண்மீன் குறிகளை நம்பலாமோ எனில், அதுவும் அரிது. கிண்டிலில் பத்து இலட்சம் படிகளுக்குமேல் விற்ற ஒரு சுயவெளியீட்டு எழுத்தாளர், நூற்றுக்கணக்கான மதிப்புரைகளை விலைக்கு வாங்கியிருந்ததை 2012இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியது. ஐந்து விண்மீன்களின் சராசரி நம்மிடம் எதையும் கூறுவதில்லை; கூறியவர் யார் என்பதே அதில் இல்லையே.

முந்நூற்றுள் ஒன்று

இச்சிக்கலுக்கு நான் அறிந்தவரை நேர்மையான முயற்சி ஒன்று ஆங்கிலக் கற்பனைக் கதையுலகில் நடைபெற்றது. மார்க் லாரன்ஸ் என்னும் நாவலாசிரியர், பதிப்பகத்தின் வழியே புகழ்பெற்றவர். தாமே வெளியிட்டுக் கொள்வோருள்ளும் தம்மினும் நன்கெழுதுவோர் இருக்கக் கூடும், அவர்களைக் காண்பார் இல்லை என்று எண்ணி, 2015இல் ஒரு தேர்வைத் தொடங்கினார். சுயவெளியீட்டு நூல்கள் 300 வரை பெறப்பட்டன. நுழைவுக் கட்டணம் இல்லை. நூல் மதிப்புரை எழுதுவதையே விருப்பப் பணியாகக் கொண்ட பத்துக் குழுவினர், ஆளுக்கு 30 நூல் வரை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொரு குழுவும் தன் முப்பதில் ஒன்றைத் தேரும். அவ்வாறு வந்த பத்தையும் பத்துக் குழுவினரும் படித்துப் பத்துக்கு இத்தனை என மதிப்பெண் இடுவர். மதிப்பெண்ணின் கீழ் அவர்தம் பெயரும் காரணமும் இருக்கும். அத்தேர்வு இதுகாறும் பத்துச் சுற்றுகளைக் கடந்துவிட்டது. 2016இல் தொடங்கிய இரண்டாம் சுற்றில் வென்ற ஜொனாதன் பிரெஞ்சின் ‘தி கிரே பாஸ்டர்ட்ஸ்’ 2018இல் பெரும் பதிப்பகத்தின் வழி அச்சேறியது.

ஆயினும் அச்சுற்றில் என் கருத்தைக் கவர்ந்தது வென்ற நூலன்று. ஜோசையா பான்கிராப்ட் என்பார் 2013இல் தாமே வெளியிட்ட ‘சென்லின் அசெண்ட்ஸ்’ என்னும் நாவலும் அதில் இடம்பெற்றிருந்தது. அது தன் குழுவின் முப்பதைத் தாண்டவில்லை; இறுதிப் பத்தில் இடம் பெறாமல் விலகிற்று. எனினும் லாரன்சின் கைக்கு வந்தது. அவர் படித்தார், வியந்தார், தம் பெயரிட்டுப் பாராட்டி எழுதினார். வாசகர் திரண்டனர். 2018இல் ஆர்பிட் பதிப்பகம் அதனை உலகெங்கும் விற்றது. நல்லெண்ணமும் உழைப்பும் உடைய நடுவர்களின் சல்லடையிலும் அரிய நூல் நழுவும் என்பதும், பெயருடைய ஒருவரின் ஒரு வாய்ச்சொல் அதனை மீட்கும் என்பதும் இந்நிகழ்ச்சியால் பெறப்படும்.

பவணந்தியார் வகுத்த நெறி

பெயரிட்டுப் பாராட்டுதல் என்றதும் தமிழ் படித்தோர்க்கு நன்னூற் பாயிரம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைக்கத் தக்கார் யாவர் எனப் பவணந்தி முனிவர் வரையறுத்தார்: ஆசிரியர்க்குக் கற்பித்தவர், உடன் கற்றவர், அவர்தம் மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர். இந்நால்வருள் மூவர் வேண்டியவர்களே ஆயிற்றே என மாணவர் ஒருவர் வகுப்பில் நகையாடியதுண்டு. உண்மைதான். ஆனால் அவர்கள் முகமற்றவர் அல்லர். தவறாகப் புகழ்ந்தால் பழி அவர்களையும் சாரும். விண்மீன் இடும் பெயரிலிக்கு அவ்வச்சம் இல்லை.

தற்புகழ்ச்சி தகாது என்றவர், அது குற்றமாகாத இடங்களையும் கூறினார். தன் ஆற்றலை உணராதாரிடைப் பேசுங்கால் அது பொருந்தும் என்பது அவற்றுள் ஒன்று. முன்பின் அறியாத வாசகர் முன் தம் நூலை விளக்கி எழுதும் மின்னூலாசிரியர் இவ்விதியின் நிழலில் ஒதுங்கலாம். ஆகவே அவர்தம் விளக்கக் குறிப்பில் புகழ்ச்சி இருப்பது கொண்டு நூலைத் தள்ளிவிடற்க. புகழ்ச்சியை நீக்கியபின் எஞ்சுவது யாது என்று நோக்குக.

எஞ்சுவதை அளக்கவும் அந்நூலிலேயே அளவுகோல் உண்டு. பாயிரம் அறிவிக்க வேண்டியவை எட்டு என்பர். எட்டையும் இங்கு விரிக்க வேண்டா; மின்னூலுக்கு நான்கு மிகவும் பயன்படுவன. முதலாவது ஆக்கியோன். பெயர் மட்டுமன்று, இப்பொருள் பற்றி எழுத அவர்க்குள்ள உரிமை யாது? ஊர் வரலாறு எழுதியவர் அவ்வூரினரா, ஆவணம் கண்டவரா, பிறர் எழுதியதைப் பெயர்த்து வைத்தவரா? அடுத்தது வழி. எந்நூல்களின் வழிப்பட்டது, எவரிடம் கேட்டறிந்தது என்னும் குறிப்பில்லாத வரலாற்று நூலையும் மருத்துவ நூலையும் விலை கொடுத்து வாங்குதல் வேண்டா. மூன்றாவது யாப்பு. நூல் யாக்கப்படும் முறை தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்கு. மின்னூல்களிற் பல, இதழ்களில் வந்த கட்டுரைகளின் தொகுப்பு. சில, மூலம் கூறாத மொழிபெயர்ப்பு. தொகுப்பு என்பது இழிவன்று. அதனை மறைத்தலே இழிவு. நான்காவது கேட்போர். நூல் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதை இலவசமாகக் கிடைக்கும் தொடக்கப் பகுதியே காட்டிவிடும். பத்துப் பக்கம் படித்தால் போதும். எழுத்துப்பிழை மலிந்தது கண்டு முகஞ்சுளிப்பது எம் போன்றோர் இயல்பு. எனினும் ஒற்றுப்பிழைக்காக ஒரு நூலைத் தள்ளுதல் கூடாது. மெய்ப்புத் திருத்துநரை அமர்த்தும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. செய்தியே தடுமாறுமாயின் அப்போது மூடிவிடலாம்.

தமிழில் இத்தேர்வுக்கு இன்றுள்ள இடங்கள் சிலவே. 2013இல் தொடங்கப்பட்ட ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் தன்னார்வத் திட்டம், ஆசிரியர்கள் பகிரும் உரிமையோடு மனமுவந்து தந்த நூல்களை மின்னூலாக்கி இலவசமாக அளிக்கிறது. பெங்களூருவில் 2014இல் தோன்றிய பிரதிலிபியில் தொடர்கதைகள் மிகுதி. படித்தோர் எண்ணிக்கை அங்குப் பெரிதாகத் தெரியும். அவ்வெண்ணிக்கை விருப்பத்தைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது.

இத்தேர்வை யாரேனும் செய்துதான் ஆகவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் ஊர்ப் பள்ளிவாசல் கல்வெட்டுகளையும், கடற்கரைப் பேச்சுவழக்குச் சொற்களையும், மூதாட்டியர் பாடும் தாலாட்டுகளையும் முப்பதாண்டு தொகுத்து வைத்திருப்பார். முந்நூறு படி விற்குமோ என அஞ்சும் பதிப்பகத்தார் அதனை ஏலார். மகனோ பெயர்த்தியோ மின்னூலாக்கி ஏற்றிவிடுவர். அதனைக் கண்டெடுப்பார் இல்லையேல், ஆய்வுக்குத் தலைப்புத் தேடி அலையும் நம் மாணவர்க்கே அது இழப்பு.

தமிழ்த்துறை இதற்கு ஒன்று செய்யலாம். ஆண்டுக்கு 30 சுயவெளியீட்டு மின்னூல்களைத் தேர்ந்து, முதுகலை மாணவர் பதின்மரிடம் ஆளுக்கு மூன்றாக வழங்கலாம். ஒவ்வொருவரும் பவணந்தியார் கூறிய எட்டையும் தழுவி ஒரு பக்கப் பாயிரம் எழுதித் தம் பெயரிட வேண்டும். பலரிடம் கைப்பேசி உண்டு; கிண்டில் செயலியை அதிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். விலையுள்ள நூல்களுக்குத் துறைநிதியிலிருந்து சிறுதொகை ஒதுக்கினால் போதும். பாயிரங்களைக் கல்லூரி நூலகத்தில் ஒரு பதிவேடாக வைக்கலாம். மாணவர் விலக்கிய நூல்களை ஆசிரியர் ஒருவர் மீண்டும் ஒருமுறை புரட்டுதலும், விலக்கியவர் பெயரையும் காரணத்தையும் அப்பதிவேட்டிலேயே எழுதி வைத்தலும் இத்திட்டத்தில் இன்றியமையாதன.