உங்களுக்குத் தெரியுமா? பாலைவனத்தில் ஓடும் வாடகை வீடு!

கட்டுக் கட்டாகப் பணத்தை நீட்டினாலும் சரி, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் டெத் வேலிக்குள் ஆர்.வி.யை ஓட்டிப்போக அமெரிக்க வாடகை நிறுவனங்கள் பல அனுமதிப்பதே இல்லை! படுக்கை, அடுப்பு, குளியலறை, கழிப்பறை எல்லாம் வைத்த ஓடும் வீடுதான். ஆனாலும் அந்த இரண்டு மாதம் கலிபோர்னியாவின் இந்தத் தேசியப் பூங்கா மட்டும் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே அச்சடித்துவிடுகிறார்கள்!

ஏன் இத்தனை பயம்? 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான வெப்பம் 56.7 டிகிரி செல்சியஸ்! நூறு வருஷம் தாண்டிவிட்டது. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் இன்றைக்கும் அதுதான் முதலிடம்!

அது காற்றின் சூடு. தரையின் சூடு எவ்வளவு? 1972 ஜூலை 15 அன்று அளந்தபோது 93.9 டிகிரி. தண்ணீர் கொதிக்க இன்னும் ஆறே டிகிரிதான் பாக்கி!

2013 ஜூலையில் பூங்கா அதிகாரிகள் பயணிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். என்ன தெரியுமா? தயவுசெய்து தரையில் முட்டை பொரிக்காதீர்கள்! பார்க்கிங் முழுக்க முட்டை ஓடு! ஆசையாக இருந்தால் வாணலியில் ஊற்றிப் பொரியுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்!

ராத்திரியானால் குளிர்ந்துவிடும் என்று நினைக்கிறீர்களா? 2024 ஜூலையில் பகலையும் இரவையும் சேர்த்துப் போட்ட சராசரியே 42.5 டிகிரி!

கூரையில் ஏ.சி. இருக்கிறதே என்பீர்கள். ஆர்.வி. ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றைவிட 11 டிகிரி வரைதான் குறைக்கும். வெளியே 50 என்றால் உள்ளே 39! குளிர்காலத்தில் போங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

அங்குள்ள செங்குத்தான மலைச்சாலைகளில் அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள். இன்ஜின் சூடாகாமல் இருக்க ஏ.சி.யை அணையுங்கள்! ரேடியேட்டருக்கு ஊற்றவென்றே சாலையோரத்தில் தண்ணீர்த் தொட்டியும் உண்டு!

இப்போது வண்டிக்கு வருவோம். இதைக் கேட்டால் அசந்துவிடுவீர்கள். ஆர்.வி.க்குள் இருக்கும் ஃபிரிட்ஜ் பல வண்டிகளில் நெருப்பில் ஓடுகிறது! ஆமாம், நெருப்பில்தான்! கேஸ் சுடர் எரியும். அந்தச் சூட்டால் அம்மோனியா கரைசலிலிருந்து பிரிந்து ஆவியாகும். ஐஸ் உறையும்! கம்ப்ரஸர் கிடையாது, மோட்டார் கிடையாது, சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1922இல் இதை உருவாக்கியவர்கள் ஸ்வீடனின் பால்ட்ஸர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ். இரண்டு பேரும் அப்போது கல்லூரி மாணவர்கள்!

சுழலும் பாகமே இல்லாத வேறொரு ஃபிரிட்ஜுக்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிய இருவர் யார் தெரியுமா? லியோ சிலார்ட், இன்னொருவர் சாட்சாத் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்!

அந்த நெருப்பு ஃபிரிட்ஜுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வண்டி சரிந்து நின்றால் வேலை செய்யாது! ஆகவே வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை சமையல் அல்ல. சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து வண்டியைச் சமமாக நிறுத்துவதுதான்!

கேம்ப்கிரவுண்ட் மின்கம்பத்தில் 30 ஆம்ப், 50 ஆம்ப் என்று இரண்டு பிளக் இருக்கும். 30 தருவது 3,600 வாட். 50 எவ்வளவு தரும்? 6,000 என்பீர்கள். இல்லவே இல்லை, 12,000 வாட்! அதில் இரண்டு மின்கம்பிகள் ஆளுக்கு 50 ஆம்ப் கொண்டுவருகின்றன!

வாடகை மீட்டர் எத்தனை தெரியுமா? நாளுக்கு ஒரு கணக்கு. ஓடும் மைலுக்கு ஒரு கணக்கு. ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு இன்னொரு கணக்கு! கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல்? பெரிய மோட்டார்ஹோம் ஒரு லிட்டருக்குக் கொடுப்பது 3 முதல் 4 கிலோமீட்டர்தான்!

இத்தனை பெரிய வண்டிக்குத் தனி லைசென்ஸ் வேண்டுமா? வேண்டாம்! பெரும்பாலான மாநிலங்களில் சாதாரணக் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டே 26,000 பவுண்டு எடை வரை ஓட்டலாம். கிட்டத்தட்ட 11.8 டன்!

ஆனால் உங்கள் கார் இன்ஷூரன்ஸும் கிரெடிட் கார்டு தரும் வாடகைக்கார் காப்பீடும் பெரும்பாலும் இதற்குச் செல்லாது. இதை மட்டும் மறக்காதீர்கள்!

வண்டிக்குள் தொட்டிகள் மூன்று. நல்ல தண்ணீருக்கு ஒன்று, குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் எதை முதலில் திறப்பது? கழிப்பறைத் தொட்டியைத்தான்! பிறகு குளித்த தண்ணீரைத் திறந்தால் அதே குழாயை அது கழுவிவிட்டுப் போகும். காசில்லாத ஐடியா!

தண்ணீர்த் தொட்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு டெத் வேலியைக் கடந்தவர்கள் 1883இலேயே இருந்தார்கள்! போராக்ஸ் தாது ஏற்றிய இரண்டு வண்டிகள். அவற்றுக்குப் பின்னால் 4,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மொத்த நீளம் 30 மீட்டருக்கும் மேல்! பின்சக்கரத்தின் உயரம் மட்டும் 2 மீட்டரைத் தாண்டும்! மொஹாவி ரயில் நிலையம் வரை 265 கிலோமீட்டர், பத்து நாள் பயணம். இழுத்தவை 20 கோவேறு கழுதைகள் என்று ஊரே சொல்லும். உண்மையில் 18 கோவேறு கழுதைகள், 2 குதிரைகள்!

அமெரிக்காவின் முதல் மோட்டார்ஹோம் என்று பலரும் கைகாட்டுவது 1910இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் காட்சிக்கு வந்த பியர்ஸ் ஏரோ வண்டியை. பின் சீட்டை மடித்தால் படுக்கை! முகம் கழுவத் தொட்டி! டிரைவரோடு பேச டெலிபோன்!

1931இல் பாரமவுண்ட் நிறுவனம் நடிகை மே வெஸ்ட்டுக்காக ஒரு வீட்டு வண்டியைக் கட்டியது. அதற்குப் பின்பக்கத்தில் திண்ணைகூட உண்டு! இண்டியானாவின் எல்க்கார்ட் நகரிலுள்ள ஆர்.வி. அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம். அமெரிக்க ஆர்.வி.க்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தயாராவதும் அதே வட்டாரத்தில்தான்!

சரி, வண்டி கிடைத்துவிட்டது. எத்தனை அடி? இந்தக் கேள்வியில்தான் மொத்தப் பயணமும் இருக்கிறது! டெத் வேலியில் வண்ணப் பாறைகள் நிறைந்த ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ் சாலையில் 25 அடிக்கு மேற்பட்ட வண்டி போகக் கூடாது. 1977இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் குட்டி ரோபோ ஆர்2-டி2 உருண்டுபோன பள்ளத்தாக்கு அங்கேதான் இருக்கிறது! டான்டேஸ் வியூ மலைமுனைக்கும் அதே 25 அடி. அங்கே ஏறி நின்றால் காலுக்குக் கீழே 1,750 மீட்டர் பாதாளம்! கீழே இருப்பதைவிட 14 டிகிரி குளிர்ச்சி வேறு! 30 அடி வண்டியை எடுத்தவர்களுக்கு இவை இரண்டுமே கிடையாது. சின்ன வண்டியையே எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்!

ஜோஷுவா ட்ரீ பூங்காவின் ஹிடன் வேலி முகாமிலும் அதே 25 அடி வரம்புதான்!

யூட்டாவில் ஸயான் பூங்கா. 1930இல் திறந்த 1.8 கிலோமீட்டர் மலைச் சுரங்கம். அன்றைய கார்களுக்கு அளவெடுத்துக் குடைந்தது! பெரிய ஆர்.வி. ஓரமாகப் போனால் வளைந்த கூரையில் இடிக்கும். அதனால் பல ஆண்டுகளாக என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரே வரும் போக்குவரத்தையே நிறுத்திவிட்டு, சுரங்கத்தின் நட்ட நடுவில் ஓட்டவிட்டார்கள்!

பாறைகள் தானாக நகரும் இடம் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? டெத் வேலியின் ரேஸ்ட்ராக் பிளாயா! காய்ந்த ஏரித் தரை. அதில் 300 கிலோவைத் தாண்டும் கற்கள்கூட நீண்ட தடம் போட்டு நகர்ந்திருக்கின்றன. தள்ளியது யார்? 1940களிலிருந்து ஆராய்ச்சி. விடை இல்லை! கடைசியில் கற்களுக்கு ஜி.பி.எஸ். கட்டிவிட்டார்கள். 2013 டிசம்பரில் ஆராய்ச்சியாளர்களின் கண்ணெதிரே நகர்ந்தன! குளிர்கால இரவில் தேங்கிய தண்ணீர் உறையும். வெயில் ஏறியதும் அந்தப் பனித் தகடு அப்பளம் போல நொறுங்கும். மெல்லிய காற்று அதைத் தள்ள, தகடு கல்லைத் தள்ளும். தகட்டின் கனம் 3 முதல் 6 மில்லிமீட்டர்! கல்லின் வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 5 மீட்டர்!

ஆனால் அங்கே போக 43 கிலோமீட்டர் கரடுமுரடான சரளைச் சாலை. வாடகை ஆர்.வி. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது!

வருஷத்துக்கு வெறும் 5 சென்டிமீட்டர் மழை பெய்யும் இடம் டெத் வேலி. 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஹிலரி புயலின் மிச்சம் வந்து சேர்ந்தது. ஒரே நாளில் 5.6 சென்டிமீட்டர்! வட அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டரில் ஒரு ஏரியே பிறந்துவிட்டது! 2024 பிப்ரவரியில் ஜனங்கள் அதில் படகு விட்டார்கள்! அதோடு முடியவில்லை. அடுத்து வீசிய பலத்த காற்று அந்த ஏரியையே வடக்கே தள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு தூரம்? 3 கிலோமீட்டர்!

அதே பூங்காவைச் சேர்ந்த டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக் குழியில், உலகில் வேறெங்கும் இயற்கையில் இல்லாத மீன் ஒன்று வாழ்கிறது. நீளம் ஒரு அங்குலம். 2013 வசந்தத்தில் எண்ணினார்கள். மொத்தமே 35! இந்த மீனுக்கான தண்ணீரைக் காப்பாற்ற 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியிருக்கிறது! 2022 செப்டம்பரில் மெக்சிகோவில் நிலநடுக்கம். அங்கிருந்து 2,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தக் குழியில் 22 நிமிடத்தில் அலை எழுந்தது. உயரம் 1.2 மீட்டர்!

கங்காரு எலி வாழ்நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும். தின்னும் விதையிலேயே தண்ணீரை உண்டாக்கிக்கொள்ளும்! மனிதர்களுக்கு அந்த வித்தை கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது வேண்டும்!

இன்னொரு எலி இருக்கிறது, பேக்ராட். நிறுத்திய வண்டியின் ஒயரைக் கடித்துத் துண்டாக்கிவிடும்! காலையில் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து பாருங்கள்.

ஜோஷுவா மரத்தின் வயதை வெட்டிப் பார்த்தும் சொல்ல முடியாது. உள்ளே வளையமே இல்லை! பூவில் மகரந்தம் சேர்க்க யக்கா அந்துப்பூச்சி மட்டும்தான் வரும். வேறு எதை நம்பியும் அந்த மரம் இல்லை!

நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் உச்சி வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம்! மணல் முழுக்க ஜிப்சம், வெயிலை அத்தனை எளிதில் வாங்காது. பக்கத்தில் ராணுவத்தின் ஏவுகணைச் சோதனை நடந்தால் பூங்கா சாலையை 3 மணி நேரம் வரை மூடிவிடுவார்கள்! அங்கே கிடைத்த மனிதக் காலடித் தடங்களுக்கு வயது 21,000 முதல் 23,000 ஆண்டுகள் என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது! ஆனால் ஆர்.வி.யில் இரவு தங்கப் பூங்காவுக்குள் இடம் கிடையாது.

பழைய ரூட் 66 நெடுஞ்சாலையின் துண்டு ஒன்றைத் தனக்குள் வைத்திருக்கும் ஒரே தேசியப் பூங்கா எது? அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். அடையாளத்துக்கு 1932ஆம் வருஷத்து ஸ்டுடிபேக்கர் காரை அங்கேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள்! சுற்றிலும் கிடக்கும் மரங்கள் கல்லாகிப்போனவை, வயது 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல்!

அரிசோனாவில் குவார்ட்ஸைட் என்று ஒரு குட்டி ஊர். நிரந்தரமாக வாழ்பவர்கள் சில ஆயிரம் பேர். குளிர்காலம் வந்தால் ஆர்.வி.க்கள் லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன! சுற்றியுள்ள அரசு நிலத்தில் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம் தங்க நீண்ட காலமாக இருந்துவந்த கட்டணம் 180 டாலர். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை!

அந்த ஊர் மயானத்தில் ஒரு பிரமிடு நிற்கிறது. உச்சியில் ஒட்டகம்! 1850களில் அமெரிக்க ராணுவம் பாலைவனத்தில் சுமை தூக்க ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கியது. அவற்றை மேய்க்க வந்தவர் ஹாஜி அலி. அமெரிக்கர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, ஹை ஜாலி ஆக்கிவிட்டார்கள்! 1902இல் இறந்தார். நெடுஞ்சாலைத் துறை 1935இல் அந்தப் பிரமிடை எழுப்பியது!

இரவில் எங்கே தூங்குவது? டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக் முகாம்! கடல் மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே படுத்துக்கொண்டு நட்சத்திரம் பார்க்கலாம். பிப்ரவரிக்கு வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே முன்பதிவு. ஆறு மாதத்துக்கு முன்னால்! பிந்தாதீர்கள், அந்த முகாமில் மொத்தம் 136 இடங்கள் இருந்தும் வண்டிக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு உள்ளவை வெறும் 18!