அந்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் மேலதிகாரியுடையது

ஒருவரின் வேலையை இரண்டு மேலதிகாரிகள் தனித்தனியே எடைபோட்டால் ஒரே மதிப்பெண் வருமா? அமெரிக்காவில் ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 4,492 மேலாளர்களின் மதிப்பீடுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மேலதிகாரிகள், இரண்டு சகாக்கள், கீழே வேலை செய்யும் இருவர் எனப் பலர் மதிப்பெண் போட்டிருந்தார்கள். 2000இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இன்றும் என்னை உலுக்குகிறது. மதிப்பெண்களுக்கு இடையே இருந்த வேறுபாட்டில், இரண்டு தரவுத் தொகுப்புகளில் ஒன்றில் 62 சதவீதமும் மற்றொன்றில் 53 சதவீதமும் மதிப்பிட்டவரின் தனிப்போக்கால் வந்தவை. ஊழியரின் வேலைத்திறன் விளக்கிய பங்கு கால்வாசிக்கு மேல் போகவில்லை. சம்பள உயர்வும் பதவி உயர்வும் தொங்கும் அந்த எண், ஊழியரைவிட அவரை எடைபோட்டவரைப் பற்றியே அதிகம் சொல்கிறது.

இதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. சிலர் எல்லோருக்கும் தாராளமாக 4 போடுவார்கள். சிலர் கையிலிருந்து 5 வரவே வராது. ராணுவ அதிகாரிகள் தம் வீரர்களின் உடற்கட்டு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே போட்ட மதிப்பெண்களை எட்வர்ட் தார்ன்டைக் 1920லேயே அலசினார். ஒன்றில் உயர்ந்தவர் மற்றவற்றிலும் நம்ப முடியாத அளவுக்கு உயர்ந்தே இருந்தார். ஆளைப் பற்றி மனதில் பதிந்த ஒரே அபிப்பிராயம் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுகிறது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் ஒளிவட்ட விளைவு.

யார் செய்தார் என்பதைப் பொறுத்து ஒரே செயலின் மதிப்பும் மாறுகிறது. மேடலின் ஹெய்ல்மன், ஜூலி சென் 2005இல் வெளியிட்ட சோதனைகளில், சகஊழியருக்கு உதவிய ஆணுக்கு மதிப்பு கூடியது, பெண்ணுக்குக் கூடவில்லை. உதவ மறுத்தால் பெண்ணுக்குக் குறைந்தது; ஆணுக்குக் குறையவில்லை.

அளவுகோலே பாரபட்சத்துக்கு இடம் தரும் என்பதைக் காட்டியது லாரன் ரிவேரா, ஆண்ட்ராஷ் டில்சிக் இருவரின் 2019 ஆய்வு. வட அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்கள் ஆசிரியர்களுக்கு 10க்கு மதிப்பெண் போட்டு வந்தார்கள். ஆண்கள் நிறைந்த துறைகளில் ஆண் ஆசிரியர்களைவிடப் பெண் ஆசிரியர்களுக்கு 10 கிடைப்பது குறைவு. பிறகு பல்கலைக்கழகம் அளவை 6ஆகக் குறைத்தது. அந்த இடைவெளி மறைந்துபோனது! பத்துக்குப் பத்து என்றதும் மனம் ஒரு மேதையைத் தேடுகிறது. பலருக்கு அந்த மேதையின் முகம் ஆண் முகம். ஆறுக்கு ஆறு அப்படி எதையும் கேட்பதில்லை.

நம் நாட்டில் ஊழியர் மதிப்பீடு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. எல்லைச் சாலைப் பணியில் பொறியாளராக இருந்த தேவ் தத்துக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. ‘மிக நன்று’ தேவைப்பட்ட இடத்தில், 1993-94ஆம் ஆண்டுக்கான ரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று இருந்தது. அதை யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை. பாதகமான குறிப்பை மட்டுமல்ல, எந்தக் குறிப்பையும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுஆண்டே மத்திய அரசு, முழு அறிக்கையையும் ஊழியரிடம் கொடுக்கவும், அவர் 15 நாளுக்குள் முறையிடவும் வழி செய்தது. தனியார் நிறுவனங்களும் இந்த அளவுக்காவது இறங்கி வர வேண்டும். ஒருவருக்குப் பதில் இருவர் மதிப்பிட வேண்டும். அரசுக்கும் ஒரு வேலை பாக்கியிருக்கிறது: அதன் அறிக்கைகளில் அளவுகோல் இன்னமும் 1 முதல் 10 வரைதான்.