உங்களுக்குத் தெரியுமா? ரோமானியரின் அம்பு எந்திரம்

சென்னை விம்கோ நகர் ஸ்டேஷனில் நிற்கும் 12 பெட்டி மின்சார ரயிலின் ஒரு முனையிலிருந்து எய்தால், மறுமுனையையும் தாண்டிப் போய் விழும் அம்பு! வெடிமருந்து கிடையாது; வெறும் மயிர்க்கயிற்றின் முறுக்குதான்.

ஜெர்மானிய பீரங்கிப் படை அதிகாரி எர்வின் ஷ்ராம், பழைய கிரேக்க, ரோமானிய நூல்களைப் படித்து இத்தகைய எந்திரங்களைத் திரும்பச் செய்தார். 1904இல் ஸால்பர்க் கோட்டையில் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம் முன்னிலையில் எய்து காட்டியபோது, இரண்டாவது அம்பு முதல் அம்பையே பிளந்ததாம். அவருடைய எந்திரம் ஒன்று 370 மீட்டர் வரை எய்தது.

சட்டத்தின் இருபுறமும் கயிற்றுக் கட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மரக்கை செருகியிருக்கும். நாணை இழுத்தால் கட்டு முறுகும், விட்டால் உதறும். அந்தக் காலத்தில் விலங்குகளின் தசைநாரைத் திரித்தார்கள். ஷ்ராம் குதிரை மயிரைப் பயன்படுத்தினார். கயிறு செல்லும் துளையின் விட்டம் அம்பின் நீளத்தில் ஒன்பதில் ஒரு பங்கு என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கணக்கே எழுதிவைத்திருக்கிறார். 1912இல் ஸ்பெயினின் அம்பூரியாஸில் அசல் சட்டமே கிடைத்தது.

நம்மிடமும் இத்தகைய எந்திரங்களின் பட்டியல் உண்டு. மதுரை மதில்மேல் இருந்த கல்லெறி கவண், தானே எய்யும் வில் முதலிய பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை வரிசையாகச் சொல்கிறது. வாயிலைக் காத்தவர்களோ யவனர், அதாவது கிரேக்க, ரோமானியர்! ஆனால் இளங்கோ பெயர்களைத்தான் தந்தார், அளவுகளைத் தரவில்லை. தச்சருக்கு அது போதாது.