உங்களுக்குத் தெரியுமா? மென்பொருளுக்கும் அடங்காத திருச்சி வானொலி!

தஞ்சாவூரில் எஸ்.டி.ஆர். (மென்பொருள் வழி இயங்கும் வானொலி) வழியாக ஹாம் ரேடியோ கேட்பவர், கணினியில் எந்த ஃபில்டரைப் போட்டாலும் பக்கத்துத் திருச்சி வானொலியின் தொல்லை தீராமல் போகலாம்.

• திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். விலை குறைந்த எஸ்.டி.ஆர். குச்சிகள் பலவும் சிக்னலை 8 பிட்டில், அதாவது 256 படிகளில்தான் அளக்கும். பலத்த சிக்னல் அந்தப் படிகளை நிரப்பிவிட்டால், 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் நண்பரின் குரலும் சேர்ந்து சிதையும். சிதைந்ததை மென்பொருள் மீட்டுத் தராது.

• தீர்வு, ஆன்டெனாவுக்கும் குச்சிக்கும் நடுவே வைக்கும் நாட்ச் ஃபில்டர் (ஒரு குறுகிய அலைவரிசையை மட்டும் வெட்டும் வடிகட்டி). உள்ளே இருப்பது கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும்தான்.

• மென்பொருள் நாட்ச் ஜெயிப்பது ஒற்றைச் சீட்டியிடம். சிக்னல்களைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் அது நேர்கோடாக இறங்கும். பேச்சு 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை பரவியிருக்க, சீட்டி 1,000 ஹெர்ட்ஸில் இருந்தால், அதை ஒட்டிய கீற்றை மட்டும் வெட்டினால் போதும். நாற்றுக்கு நடுவே களை பிடுங்குவது போல, சீட்டி போகும், பேச்சு நிற்கும்.

• எல்.இ.டி. பல்பு, சோலார் பம்ப்செட் இன்வெர்ட்டர் எழுப்பும் கரகரப்பு அலைவரிசை நெடுகப் பரவும். அதற்கு நாட்ச் உதவாது. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்து, எது கத்துகிறது என்று பாருங்கள்.